தாளைத் திருத்துவது யார்?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பாடம், ஆய்வு மாணவர்கள், பாடத்திட்டக் குழு, மாணவர் ஆலோசனை, என் சொந்த ஆய்வு என எல்லாவற்றிலும் அரைகுறையாக நிற்கிறேன். கட்டுரை வேலை நெருக்கும்போது விடைத்தாள்களை மனைவி திருத்திக் கொடுப்பதால் ஓரளவு சமாளிக்கிறேன். அவளும் இதே பாடம் படித்தவள். வகுப்பில் தலையாட்டுகிற மாணவர்கள் தேர்வில் சொதப்புகிறார்கள். எதில் கவனம் வைத்தால் நல்ல ஆசிரியர் ஆவேன்?

பதில்: தம்பி, இந்தப் புலம்பல் எனக்குப் பழக்கம்தான். மருத்துவக் கல்வியாளர்கள் ஹார்டனும் கிராஸ்பியும் 2000-ஆம் ஆண்டிலேயே நல்ல ஆசிரியருக்கு 12 பாத்திரங்கள் என்று எழுதிவிட்டார்கள். விரிவுரையாளர், முன்மாதிரி, வழிகாட்டி, பாடத்திட்டம் வகுப்பவர், பாடக் குறிப்பு தயாரிப்பவர் என்று அது நீளும். அத்தனையையும் ஒரே ஆள் சுமக்க முடியாது. குழு வேலையை இந்த வருடம் வேறு யாராவது பார்க்கட்டும் என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். அந்தப் பிரச்சினை அவ்வளவுதான்.

விடைத்தாளை மனைவி திருத்துகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். மாணவரை மதிப்பிடுவதும் அந்தப் 12-இல் ஒன்று. உங்களைத் தவிர யாரும் செய்யக்கூடாத அந்த வேலையைத்தான் கைகழுவியிருக்கிறீர்கள்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர், தான் பிரமாதமாகப் பாடம் நடத்துவதாகவே நம்பியிருந்தார். பிறகு நியூட்டன் விதிகளைப் பற்றி எளிமையான கேள்விகள் கொடுத்துப் பார்த்தார். கடினமான கணக்கைப் போட்ட மாணவர்களே அதில் தடுமாறினார்கள். விடைகளைப் பார்த்ததால் அவருக்கு உறைத்தது. பாடம் நடத்தும் முறையையே மாற்றினார்.

உங்களுக்கு எப்படி உறைக்கும்? மூன்று படி சரியாகப் போட்டு, நாலாவது படியில் பாதி வகுப்பு ஒரே மாதிரி சறுக்கியிருந்தால், அந்த இடத்தை நீங்கள்தான் அவசரமாகத் தாண்டியிருப்பீர்கள். அது இப்போது உங்கள் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அவரிடம் ஒரு நாளாவது கேட்டீர்களா?

குடும்பத்தில் ஒருவர் பாரத்தை இன்னொருவர் தாங்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளைகள் உங்களை நம்பிக் கொடுத்த தாள் வீட்டுப் பாரத்தில் சேராது. யாரோ போட்ட மதிப்பெண்ணுக்கு நீங்கள் கையெழுத்துப் போடுவதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன். மனைவிக்கும் அநியாயம்தான். இதே பாடம் படித்தவர், சம்பளமும் பெயரும் இல்லாமல் உங்கள் வேலையைச் செய்கிறார்; அந்த நேரத்தில் வளர்கிற கட்டுரையில் உங்கள் பெயர் மட்டும் இருக்கும். இதற்குப் பெயர் சமாளிப்பா?

மிச்சமிருக்கும் விடைத்தாள் கட்டை இன்றைக்கே வாங்கிக்கொண்டு நீங்களே உட்காருங்கள். திருத்தி முடித்ததையும் மறுபடி பாருங்கள். மதிப்பெண் மாறினால், துறையில் உண்மையைச் சொல்லி மாற்றுங்கள்; அவமானமாக இருந்தால் இருக்கட்டும். கட்டுரை தள்ளிப்போகும், போகட்டும். அப்புறம், படித்த படிப்பை வைத்து என்ன செய்ய ஆசை என்று மனைவியிடம் கேளுங்கள். வேலைக்குப் போக வேண்டும் என்று அவர் சொன்னால், வீட்டு வேலையில் எது எது உங்கள் பங்கு என்று அன்றைக்கே பேசி முடியுங்கள்.