புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளால் டெல்டாவின் விவசாயக் கூலிகளுக்கும் கிராமச் சங்கங்களுக்கும் என்ன மாறும்?

திருவாரூர்ப் பகுதியில் விவசாயத் தொழிலாளர் சங்க வேலை பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். தனித் தொழிலாளிக்குச் சில உரிமைகள் கூடியிருக்கின்றன. கூட்டாகப் பேசிக் கூலி வாங்கும் வழியோ குறுகியிருக்கிறது.

29 மத்தியச் சட்டங்களுக்குப் பதிலான நான்கு தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. ஊதியத் தொகுப்பின்படி நாள்கூலியை அன்றைய வேலை முடிந்ததுமே கொடுத்துவிட வேண்டும். குறைத்துக் கொடுத்தால் மூன்று ஆண்டுகள் வரை முறையிடலாம். 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆறு மாதம்தான் அனுமதித்தது. பதிவு பெற்ற சங்கமே தன் உறுப்பினருக்காக மனு கொடுக்கலாம் என்பது நமக்கு மிகவும் பயன்படும் பிரிவு.

ஆனால் ஏக்கருக்கு இவ்வளவு என்று நடவை ஒப்பந்தமாக எடுக்கும் குழுவில் ஒரு பெண்ணுக்குக் கூலி குறைந்தால், அவர் யார் மேல் மனு கொடுப்பார்? குழுத் தலைவியிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டேன் என்று நிலத்துக்காரர் கைவிரிப்பார். வைப்பு நிதிக்கு ஓரிடத்தில் குறைந்தது 20 பேர், பணியிடப் பாதுகாப்புக்குப் பொதுவாக 10 பேர் வேலை செய்ய வேண்டும் என்று வரம்பு வைத்தால், இரண்டு ஏக்கர் சம்பா வயல் அதற்குள் வரப்போவதில்லை.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேலைநிறுத்தப் பிரிவு. தொழிலுறவுத் தொகுப்பு விவசாயத்தைப் பெயர் சொல்லி விலக்கவில்லை. அது வயலுக்கும் பொருந்தும் என்று கொண்டால், 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்காமல் வேலையை நிறுத்த முடியாது. கதிர் முற்றி அறுப்புக்கு நிற்கும் சில நாட்களில்தான் நம் பேச்சுக்கு வலு உண்டு. முன்னறிவிப்புக் காலம் முடிவதற்குள் அறுவடை இயந்திரம் வந்து போய்விடும். இந்த மண்ணில் கூலி மேலிருந்து தானாக இறங்கி வந்ததில்லை. 1952இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் செங்கொடிச் சங்கத்தின் போராட்டத்தால் வந்தது. நியாயக் கூலிச் சட்டமோ 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகே, 1969இல் வந்தது.

சங்கப் பதிவுக்கு நூறு உறுப்பினர் அல்லது அந்தத் தொழிலில் வேலை செய்வோரில் பத்து விழுக்காடு, இரண்டில் எது குறைவோ அது தேவை. ஆகவே ஊருக்கு முப்பது பேராகச் சிதறி நிற்காமல் வட்ட அளவில் ஒரே சங்கமாகப் பதிவு செய்யுங்கள். நடவுக் குழுப் பெண்களை முதலில் சேருங்கள். தேதி, வயல், வேலை, கிடைத்த கூலி ஆகியவற்றை அவர்கள் அன்றன்றே நோட்டில் எழுதி வந்தால், மூன்று ஆண்டு அவகாசத்தில் கொடுக்கும் மனுவுக்கு அதுவே ஆதாரமாக நிற்கும்.