நான்கு வயது மகன் ஒற்றைக் காலில் நிற்கவில்லை: சிறப்புக் காலணி தேவையா?

கேள்வி: எங்கள் ஊர் தொண்டிக்கு அருகே உள்ள கடலோரக் கிராமம். என் மகனுக்கு அடுத்த மாதம் நான்கு வயது நிறைகிறது. ஓடும்போது அடிக்கடி விழுகிறான். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் இரண்டு நொடியில் சாய்ந்துவிடுகிறான். சென்ற வாரம் கல்யாண மண்டபத்தில் நடந்த இலவசப் பாத முகாமில் மை தடவிக் காலடித் தடம் எடுத்து, தட்டைப் பாதம் என்று கூறினார்கள். சிறப்புக் காலணியும் சமநிலைப் பலகையும் சேர்த்து 14,500 ரூபாயாம். 1,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம். வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி உண்டா?

பதில்: சகோதரி, மீதி 13,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். பயிற்சியைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இத்தகைய முகாம்காரர்கள், வீட்டில் யாரேனும் யோசிக்கத் தொடங்கும் முன்பே மீதிப் பணத்தை வாங்கிவிடப் பார்ப்பார்கள்.

நான்கு வயதுப் பிள்ளையின் பாதத்தில் மை தடவினால் தடம் தட்டையாகத்தான் விழும். அந்த வயதில் உள்ளங்காலில் கொழுப்புத் திண்டு இருக்கும், மூட்டுகளைக் கட்டும் நார்கள் தளர்ந்திருக்கும். பாத வளைவு ஆறு வயதையொட்டியும் அதற்குப் பிறகும்தான் தெளிவாகும். மகனைக் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது உள்ளங்காலில் வளைவு தெரிந்து, வலியும் இல்லையென்றால், காலணிக்கு வேலையே இல்லை. இத்தகைய குழந்தைகளுக்கு மூன்றாண்டுகள் சிறப்புக் காலணி அணிவித்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று, அதனால் பாதத்தில் மாற்றம் எதுவும் இல்லை என்று 1989-லேயே கூறிவிட்டது. 1992-ல் மணிப்பால் மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை ஆராய்ந்தபோது, செருப்பணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலுடன் வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்குமே தட்டைப் பாதம் இருந்தது. மணலில் வெறுங்காலோடு திரியும் பிள்ளைக்குக் காலணி விற்க வருகிறவருக்கு இது தெரியாமல் இருக்காது.

இனி அவன் விழுவதைப் பார்ப்போம். ஒற்றைக் காலில் நிற்பது மூன்று வயதில் இரண்டு மூன்று நொடி, நான்கில் நான்கைந்து நொடி, ஐந்தில் ஏறத்தாழ பத்து நொடி என்பது பொதுவான கணக்கு. உங்கள் மகன் சற்றே பின்தங்கியிருக்கிறான். பழகினால் எட்டிப் பிடித்துவிடுவான். உட்காது, கண், பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் சொல்லும் சேதியை மூளை சேர்த்துப் பார்த்து உடலை நிறுத்துவதையே சமநிலை என்கிறோம். வத்தையின் அணியத்தில், அதாவது சிறு படகின் முன்முனையில், நின்று வலை இழுப்பவரைக் கவனியுங்கள்: முழங்காலைச் சிறிது மடக்கி, படகு சாயச் சாய இடுப்பை மறுபக்கம் நகர்த்திக்கொண்டே இருப்பார். பல்லாயிரம் முறை சாய்ந்து அவர் உடல் அதைக் கற்றிருக்கிறது. உங்கள் மகனுக்கு வேண்டியதும் அந்தச் சாய்வுகள்தாம்.

கொட்டாங்கச்சி விளையாட்டிலிருந்து தொடங்குங்கள். ஒரு கொட்டாங்கச்சியை மணலில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஒரு பாதத்தை மெல்ல வைத்தபடி, எடையை மற்றக் காலில் தாங்கி நிற்கச் சொல்லுங்கள். ‘கொட்டாங்கச்சியை அழுத்தக் கூடாது, உள்ளே நண்டு தூங்குகிறது’ என்று சொன்னால் போதும். எடை தானாகவே மறுகாலுக்குப் போய்விடும். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுங்கள். ஐந்து வரை ஆடாமல் நிற்கப் பழகிய பிறகு, கொக்குபோல அந்தக் காலைத் தூக்கிவிடலாம். கையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், பிடித்தால் அவன் உங்கள் மீதுதான் சாய்வான். கைக்கெட்டும் தொலைவில் நில்லுங்கள், மணலில் விழட்டும்.

அடுத்து, ஈர மணலில் அவனை நடக்கவிட்டு, பதிந்த தடங்களிலேயே கால் வைத்துத் திரும்பி வரச் செய்யுங்கள். பழைய வலைக்கயிற்றை நீளமாகப் போட்டு அதன்மேல் நடப்பது, நண்டு நடை, தவளைத் தாவல் ஆகியவற்றையும் மாற்றி மாற்றிச் சேர்க்கலாம். பாண்டி ஆட்டம் ஐந்து வயதுக்கு மேல் போதும். மாலையில் மணல் ஆறியதும் பத்து நிமிடம் விளையாடுங்கள். முன்னதாகத் தூண்டில் முள்ளும் கருவேல முள்ளும் கிடக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அலை தொடாத இடமாகவே இருக்கட்டும். சமநிலைப் பலகை வேண்டாம்.

ஒன்றை மட்டும் நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும். சுவரோ கட்டிலோ பிடிமானத்துக்கு இல்லாத இடத்தில் மகனைத் தரையில் உட்காரவைத்து, சட்டென்று கூப்பிடுங்கள். ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தால் கவலையில்லை. முதலில் நாலுகாலாகக் கவிழ்ந்து, பிறகு முழங்காலில் கை வைத்து, அங்கிருந்து தொடைக்கு ஏற்றி, தன் உடம்பின் மீதே தான் ஏறுவதுபோல எழுகிறானா என்று பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் ஒரு முறை அப்படி எழுந்தால் பொருட்படுத்த வேண்டாம். மூன்று நாள், மூன்று வேளை பாருங்கள். ஒவ்வொரு முறையும் அப்படியே எழுந்தாலோ, கெண்டைக்கால் அளவுக்கு மீறிப் பருத்திருந்தாலோ, முன்பு ஏறிய படியில் இப்போது ஏற முடியவில்லை என்றாலோ, அது தசைச் சிதைவு நோயாக இருக்கக்கூடும். ஆண் குழந்தைகளையே பெரிதும் தாக்கும் ஒரு வகை உண்டு. அந்நிலையில் தாவல் விளையாட்டுகளை நிறுத்திவிட்டு, இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குச் சென்று, இரத்தத்தில் ‘சிகே’ (தசை சிதையும்போது கூடும் நொதி) அளவைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

இதையெல்லாம் நீங்கள் கடிதம் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையே வந்திருக்கக் கூடாது. 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இரு முறை அங்கன்வாடிக்கே வந்து குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். எடையும் உயரமும் கைப்பேசியில் ஏறிவிடுகின்றன. பிள்ளை தரையிலிருந்து எப்படி எழுகிறான் என்று பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை. நான் எழுதிக் கொடுத்த பரிந்துரைச் சீட்டொன்று ஒரு மருத்துவமனையில் மூன்று மேசைகளைச் சுற்றி, ‘இயன்முறை மருத்துவரைப் பார்க்கவும்’ என்ற குறிப்போடு இயன்முறை மருத்துவரான என்னிடமே திரும்பி வந்தது. அந்த இடைவெளியில்தான் மை டப்பாவோடு முகாம் நுழைகிறது. ஆகவே அங்கன்வாடிப் பணியாளரிடம் அடுத்த வருகை எந்த நாள் என்று கேட்டு, அன்று மகனோடு நீங்களும் போய் நில்லுங்கள்.

முன்பணத்துக்கு ரசீது இருந்தால் அதைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள். இல்லையென்றால் மண்டபத்தை வாடகைக்கு விட்டவரிடம் விசாரியுங்கள். முகாம் நடத்தியவரின் முகவரி அவரிடம் இருக்கும்.