லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மெமரி காலியாக இருந்தும் அலோகேஷன் (மெமரி ஒதுக்கீடு) ஏன் தோற்கிறது? ராம் கூட்டினால் சரியாகிவிடுமா?

நீங்கள் சொல்லாவிட்டாலும் ஊகிக்க முடிகிறது: "உன் டிரைவர்ல லீக் இருக்கு, பார்த்துச் சரி பண்ணு" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், உங்களுக்கு மனசு ஒப்பவில்லை. லீக்கே (எடுத்த மெமரியைத் திருப்பிக் கொடுக்காமல் விடுவது) இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் காலி மெமரி குறையாமல் இருக்கும்போதே பெரிய பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் மெமரித் துண்டு) மட்டும் கிடைக்கவில்லை என்றால், அது பெரும்பாலும் லீக் அல்ல. மெமரி துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. ராம் கூட்டினால் பிரச்சினை வரும் நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

நான் பட்டதைச் சொல்கிறேன். சிசிடிவி ரெக்கார்டர் ஒன்றின் வீடியோ டிரைவர் என் தலையில் வந்து விழுந்தது. ஏஆர்எம் போர்டு, 256 எம்பி ராம், லினக்ஸ். கேமராவைத் திறந்தால் டிரைவர் கே-மல்லாக்கில் (கெர்னலுக்குள் தொடர்ச்சியான மெமரி வாங்கும் ஃபங்ஷன்) 128 கேபி பஃபர்கள் சிலவற்றை எடுக்கும், மூடினால் திருப்பிக் கொடுத்துவிடும். பாக்ஸை மாட்டிய புதிதில் எந்தக் குறையும் இருக்காது. சில வாரம் போனால் ஏதாவது ஒரு சேனல் கறுப்பாக நின்றுவிடும். லாகில் "பேஜ் அலோகேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 5" என்று இருக்கும். ரீபூட் செய்தால் எல்லாம் சரி.

லீக்தான் என்று எங்கள் லீட் முடிவே கட்டிவிட்டார். லீக்கைத் தேடும் கே-மெம்-லீக் கருவியை ஓட்டினேன், ஒன்றும் சிக்கவில்லை. "அப்ப நீ சரியா ஓட்டலை" என்றார். 40 எம்பிக்கு மேல் காலியாக இருக்கும்போது 128 கேபி எப்படி இல்லாமல் போகும் என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.

விடை ப்ராக் அடைவில் பட்டிஇன்ஃபோ (/proc/buddyinfo) என்ற கோப்பில் இருந்தது. லினக்ஸ் ஃபிசிகல் மெமரியைப் பட்டி (buddy, ஜோடி சேர்க்கும்) முறையில் பங்கிடுகிறது. 1965-ல் கென்னத் நோல்டன் கட்டுரையாக எழுதிய முறை, இன்றும் அடித்தளம் அதுதான். ஆர்டர் 0 என்றால் 4 கேபி பேஜ் ஒன்று. ஆர்டர் ஏற ஏற அளவு இரட்டிக்கும். ஆர்டர் 5 என்றால் 128 கேபி, ஆர்டர் 10 என்றால் 4 எம்பி. ஒவ்வோர் அளவிலும் எத்தனை துண்டு காலி என்று அந்தக் கோப்பு இடமிருந்து வலமாகக் காட்டும். எங்கள் போர்டில் இடப்பக்கம் ஆயிரக்கணக்கில் இருந்தது, வலப்பக்கம் வெறும் பூஜ்யங்கள். கல்யாணப் பந்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முப்பது இலை காலி இருந்தாலும், ஒரே வரிசையில் எட்டுப் பேர் சேர்ந்து உட்கார இடம் இருக்காதே, அதே கதை.

அடுத்தடுத்த பேஜ்கள் காலியானால் தானாக ஒட்டிக்கொள்ளும் என்றும் நினைக்காதீர்கள். பேஜ் எண் 0-வும் 1-ம் ஜோடி, 2-ம் 3-ம் ஜோடி. 1-ம் 2-ம் பக்கத்துப் பக்கத்தில் காலியாக இருந்தாலும் அவை இரண்டும் சேர்ந்து ஒரு துண்டாகாது.

இருப்பதை நகர்த்தி இடம் பண்ணலாமே என்பீர்கள். யூசர் புரோகிராமின் பேஜ் என்றால் முடியும். வேறு இடத்தில் நகலெடுத்துவிட்டுப் பேஜ் டேபிளை (எந்த முகவரி எந்தப் பேஜ் என்ற அட்டவணை) மாற்றினால் அந்தப் புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது. கெர்னல் தனக்காகக் கே-மல்லாக்கில் எடுத்ததை அப்படி நகர்த்த முடியாது, ஏனென்றால் அதன் முகவரியே ஃபிசிகல் இடத்தை ஒட்டித்தான் கணக்கிடப்படுகிறது. இலையில் சோறு விழுந்தபின் யாரை எழுப்ப முடியும்? நகரும் பேஜையும் நகராத பேஜையும் தனித்தனியாக வைக்கும் ஏற்பாடு 2008-ல் 2.6.24-லேயே வந்துவிட்டது. நகர்வதை ஒதுக்கி இடம் பண்ணும் கம்பாக்‌ஷன் 2010-ல் 2.6.35-ல் வந்தது. இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் மெல் கோர்மன். சிப் விற்றவர்கள் எங்களுக்குக் கொடுத்த கெர்னல் அதற்கு எவ்வளவோ பிந்தையது, ஆனால் கான்ஃபிகில் கம்பாக்‌ஷனை அணைத்து வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டு அனுப்பிய மெயிலுக்கு இன்றுவரை பதில் இல்லை.

டிரைவர் ஏறும்போதே பஃபர்களை எடுத்துவிட்டு, கேமராவை மூடினாலும் கெர்னலிடம் திருப்பாமல் தானே வைத்துக்கொள்ளும்படி மாற்றினேன். கம்பாக்‌ஷனையும் போட்டோம். அதற்குப் பிறகு அந்தப் புகார் வரவில்லை. புதிதாகச் செய்பவர்கள் பெரிய தொடர்ச்சியான இடத்தை முன்பே ஒதுக்கி வைக்கும் சிஎம்ஏ-வைப் பாருங்கள், 2012-ல் 3.5 முதல் இருக்கிறது.

"வி-மல்லாக் போட்டால் முடிந்ததே" என்று எழுத இப்போதே சிலர் விரல் துடிக்கும். ஐயா, வி-மல்லாக் தருவது கெர்னலின் கண்ணுக்குத்தான் தொடர்ச்சி. எங்கள் டிஎம்ஏ-வுக்கு (சிபியு இல்லாமல் மெமரியை நேரடியாகத் தொடும் வன்பொருள்) ஃபிசிகல் முகவரி மட்டுமே தெரியும், சிதறிய துண்டுகளைத் தொகுத்து வாங்கவும் அதற்குத் தெரியாது. சிதறிய பேஜ்களை வன்பொருளுக்குத் தொடர்ச்சியாகக் காட்டும் ஐஓஎம்எம்யு இருக்கும் சிப்பில் கதை வேறு, எனக்கும் தெரியும். எங்களிடம் அது இல்லை. வன்பொருள் தொடாத பஃபர் என்றால் 4.12-ல் வந்த கேவி-மல்லாக் (முதலில் கே-மல்லாக், கிடைக்காவிட்டால் வி-மல்லாக்) தாராளமாகப் போதும்.

இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. நான் இதைத் தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில் இன்னொரு டீம், ராத்திரி மூன்று மணிக்குப் பாக்ஸ் தானாக ரீபூட் ஆகும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பிவிட்டது. வருடக் கடைசியில் "கஸ்டமர் ஃபோகஸ்" விருது அந்த ஸ்கிரிப்டுக்கு! என் அப்ரைசலில் "எடுத்த வேலையை முடிக்கத் தாமதம்" என்று எழுதினார்கள். திருட்டு நடக்கிற நேரத்தில் ரெக்கார்டரை அணைத்து எழுப்புவது எந்த ஊர் கஸ்டமர் ஃபோகஸ் என்று கேட்டேன். அந்த வருட இன்கிரிமென்ட் எவ்வளவு என்று இங்கே எழுதினால் சிரிப்பீர்கள். சரி, விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். லாகில் ஆர்டர் என்ன எண் என்று முதலில் பாருங்கள். 3-க்கு மேல் என்றால் கெர்னல் ஓரளவுக்கு முயன்றுவிட்டுக் கைவிட்டுவிடும், மெமரி தீர்ந்தால் ஏதாவது புரோகிராமைக் கொன்று இடம் பண்ணும் ஓஓஎம் கில்லரைக்கூட எழுப்பாது. என்னைப் போல முன்பே எடுத்து வைப்பதுதான் வழி. 3 அல்லது அதற்குக் கீழ் என்றால், ஜிஎஃப்பி அட்டாமிக் கொடியோடு கேட்கிறீர்களா என்று பாருங்கள். அந்தக் கொடி இருந்தால் கெர்னலால் காத்திருக்க முடியாது, கம்பாக்‌ஷனும் உடனே உதவாது. இன்டரப்ட் ஹேண்ட்லரில் இல்லாமல், ஸ்பின்லாக்கும் (பிடித்திருக்கும்போது தூங்கக் கூடாத பூட்டு) பிடிக்காமல் இருந்தால் அதை, காத்திருக்க இடம் தரும் ஜிஎஃப்பி கெர்னல் என்று மாற்றுங்கள். அப்புறமும் தோற்றால் பட்டிஇன்ஃபோ வரிகளை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.