பிள்ளையின் வாட்ஸ்அப்பைப் படிக்கலாமா?

வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் செல்போனைப் பற்றியவை. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

கேள்வி: மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கணவர் துபாயில். அவள் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய வாட்ஸ்அப்பை என் லேப்டாப்பில் இணைத்துவிட்டேன். ஒரு பையனோடு ராத்திரி பதினொரு மணிக்குப் பேசுகிறாள். தப்பான வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனாலும் படபடப்பாக இருக்கிறது. தொடர்ந்து பார்க்கலாமா? கணவரிடம் சொல்லவா? *— வாசகி, கருங்கல்*

பதில்: இணைப்பை எடுத்துவிடுங்கள், அதுவும் அவள் கண்டுபிடிப்பதற்கு முன்பே. வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்தைத் தொட்டால் எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது, கடைசியாக எப்போது இயங்கியது என்று வரிசையாக வந்துவிடும். பிளஸ் ஒன் பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்த அன்று அவள் சண்டை போட்டால் நல்லது. சண்டை போடாமல் இருந்துவிட்டால், பேச்சு அங்கிருந்து இடம் மாறியிருக்கும்: ஸ்னாப்சாட், இன்ஸ்டாகிராம், 24 மணி நேரத்தில் தானாக மறையும் மெசேஜ், இல்லையென்றால் தோழியின் போன். நீங்கள் லேப்டாப்பில் பழைய வீட்டுப்பாடக் கேள்விகளைப் படித்துக்கொண்டு, எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். உளவு பார்ப்பதில் எங்களுக்குப் பெரிய ஆட்சேபம் இதுதான். இன்னொன்றும் உண்டு. அந்த உரையாடல்களில் மற்ற வீட்டுப் பிள்ளைகளின் கண்ணீரும் வீட்டுச் சண்டையும் இருக்கும். அவர்கள் உங்களை நம்பி எழுதவில்லை.

எடுத்த பிறகு நீங்களே சொல்லிவிடுங்கள். "மக்களே, பயத்துல உன் வாட்ஸ்அப்ப லேப்டாப்புல போட்டுப் பாத்தேன். இப்ப எடுத்துட்டேன். இனி உனக்குத் தெரியாம பாக்கமாட்டேன்." இவ்வளவு போதும். அந்தப் பேச்சிலேயே பையனை இழுக்காதீர்கள். இழுத்தால் மன்னிப்பு விசாரணையாக மாறிவிடும்.

பதினொரு மணி விஷயத்தைத் தனியாக, நேரப் பிரச்சினையாகவே பேசுங்கள். பத்து மணிக்கு இரண்டு போனும், உங்களுடையதும் சேர்த்துத்தான், ஹாலில் சார்ஜில் இருக்க வேண்டும். கல்ஃப் வீடுகளில் இந்த ஒழுங்கு உடைவதே அப்பாவின் அழைப்பால்தான். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அவர் டூட்டி முடிந்து கூப்பிடும்போது இங்கே பத்து தாண்டிவிடும். அந்த அழைப்பு உங்கள் போனுக்கே வரட்டும். மகளும் ஹாலில் வந்து பேசட்டும். கணவரிடம் நேர ஒழுங்கைச் சொல்லுங்கள். திருட்டுத்தனமாகப் படித்த வரிகளை அனுப்பாதீர்கள். அங்கிருந்து அவரால் சத்தம் போடத்தான் முடியும்.

பார்த்தே ஆக வேண்டிய சமயமும் வரும். தெரியாத பெரியவர் ஒருவர் தொடர்ந்து பேசுவது, படம் கேட்பது, பணம் கேட்பது, மிரட்டல், சாகப் போகிறேன் என்ற பேச்சு. அப்போதுகூட அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த ஒரு உரையாடலை மட்டும் திறந்து பாருங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் இந்த மரியாதைக்குக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: நான் பிளஸ் டூ மாணவி. அம்மா தினமும் என் போனை வாங்கிப் பார்க்கிறார். எனக்கு அந்தரங்க உரிமை கிடையாதா? *— நாகர்கோவில்*

பதில்: உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பை அடுக்களையில் அம்மாவிடம் நீட்டினால் காரியம் நடக்காது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது. பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். அதற்கு உன் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் 'சூப்பர்விஷன்' வசதி இருக்கிறது. நீ சம்மதித்து அம்மாவின் கணக்கை இணைத்தால், கடந்த ஏழு நாளில் நீ யாரோடெல்லாம் மெசேஜில் பேசினாய், எவ்வளவு நேரம் செலவழித்தாய் என்பது அவருக்குத் தெரியும். என்ன பேசினாய் என்பது தெரியாது. இதைத் தந்து, தினசரி சோதனையை நிறுத்தச் சொல்லிக் கேள். வாட்ஸ்அப்பில் குரூப்பில் சேர்க்கும் அனுமதியை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றி, தெரியாத எண்களின் அழைப்பு ஒலிக்காமல் வைத்து, இரண்டையும் அவர் முன்னாலேயே செய்து காட்டு. போனின் பின் எண்ணை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டு பீரோவில் வை. அவசரமென்றால் பிரிக்கலாம், பிரித்தால் சொல்லிவிட வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளும் அம்மாக்கள் நிறைய.

கேள்வி: ஆறாம் வகுப்பு மகனுக்குப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவன் மெசேஜ் எல்லாம் எனக்கு வரும்படி செய்ய எந்த ஆப் போட வேண்டும்? *— மார்த்தாண்டம்*

பதில்: மெசேஜைக் கடத்தித் தரும் உளவு ஆப்கள் பெரும்பாலும் பிளே ஸ்டோருக்கு வெளியே, ஏபிகே கோப்பாக (நேரடியாக இறக்கிப் போடும் ஆப் கோப்பு) வருபவை. போட வேண்டுமானால், ஆப்களைச் சோதிக்கும் பாதுகாப்பான பிளே ப்ரொடெக்டை அணைக்கச் சொல்லும். திரையைப் படிக்க விடும் அக்சஸிபிலிட்டி அனுமதியும் கேட்கும். கொடுத்தால் திரையில் வரும் அத்தனையும் யாரோ ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். எம்ஸ்பை என்ற பெயர்பெற்ற ஆப்பின் வாடிக்கையாளர் விவரங்களே 2015, 2018, 2024 ஆண்டுகளில் வெளியே கசிந்தன. மகனைக் காக்கப் போய் அவனுடைய படங்களை ஊருக்குக் கொடுத்தது போலாகிவிடும்.

பதினோரு வயதுக்கு கூகுள் ஃபேமிலி லிங்க் போதும், இலவசம். உண்மையான பிறந்த தேதியோடு அவனுக்குத் தனி கூகுள் கணக்கு தொடங்குங்கள். கடையில் அவசரத்துக்கு உங்கள் கணக்கையே போட்டுத் தந்திருந்தால் போனை ரீசெட் செய்துவிட்டுத் தொடங்குவதே சுலபம். தினசரி நேர அளவு, இரவுப் பூட்டு, புது ஆப்புக்கு உங்கள் ஒப்புதல், இருக்கும் இடம் எல்லாம் உங்கள் போனில் வரும். மெசேஜ் வராது. வர வேண்டிய தேவையும் இல்லை. வாட்ஸ்அப்புக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் குறைந்தபட்ச வயது 13. வகுப்புக் குரூப்பும் மழை விடுமுறை அறிவிப்பும் உங்கள் போனிலேயே இருக்கட்டும். விளையாட்டு ஆப்களின் வாய்ஸ் சாட்டை மட்டும் மறக்காமல் அணையுங்கள். தெரியாதவர்கள் இந்த வயதுப் பிள்ளையிடம் நுழையும் வாசல் அது.

கேள்வி: பதினைந்து வயது மகனிடம் இன்ஸ்டாகிராமில் ஒரு 'பெண்' பழகி, படம் வாங்கிவிட்டு இப்போது 5,000 ரூபாய் கேட்டு மிரட்டுகிறாள். அவன் அப்பா விசைப்படகில் கடலில். என்ன செய்ய? *— குளச்சல்*

பதில்: பையன் வந்து சொல்லியிருக்கிறான். அதற்காக அவனைத் திட்டாதீர்கள். மிரட்டுபவனின் பலமே, பிள்ளை வீட்டில் சொல்லமாட்டான் என்பதுதான். எதிர்ப்பக்கம் இருப்பது பெண்ணாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

பணம் அனுப்ப வேண்டாம். ஒருமுறை அனுப்பினால், இவர்கள் கொடுப்பார்கள் என்று தெரிந்து மறுபடி கேட்பான். சாட்டை அழிக்க வேண்டாம். உடனே ப்ளாக் செய்யவும் வேண்டாம், ஆதாரம் முதலில். மிரட்டல் வரிகள், யூசர்நேம், ப்ரொஃபைல் லிங்க், பணம் கேட்ட யுபிஐ ஐடி, தேதி எல்லாம் ஸ்கிரீன்ஷாட்டில் வேண்டும். மேலே தெரியும் பெயரை மட்டும் எடுத்தால் போதாது, அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். லிங்க்கைக் காப்பி செய்து வையுங்கள். பிறகு ரிப்போர்ட், அதன் பிறகு ப்ளாக்.

புகாரை தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பதியலாம். பணம் போய்விட்டிருந்தால் நேரம் கடத்தாமல் 1930 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. நேரில் என்றால் நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012, 24ஆம் பிரிவின்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவன் விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல்தான் எடுக்க வேண்டும். பையன்களுக்கும் இது பொருந்தும். படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது: படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் எண் அடையாளம் மட்டும் இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும்.

ஒரு எச்சரிக்கை. "ஆதாரத்துக்கு எனக்கு அனுப்பு" என்று மாமாவோ சித்தப்பாவோ கேட்டால் படத்தை அனுப்பாதீர்கள். சிறுவரின் அப்படிப்பட்ட படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குற்றம். முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. அன்பியம் (கோயில் பங்கு வீடுகளின் கூட்டம்) குரூப்பில் கேட்டுப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

கேள்வி: பேரன் திடீரென்று பேட்டர்ன் லாக்கை மாற்றிவிட்டான். தப்பு ஏதும் இருக்குமோ? *— பாட்டி, தக்கலை*

பதில்: அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது பாட்டி, பதினான்கு வயதில் எல்லோரும் மாற்றுவார்கள். சோறு இறங்கவில்லை, ராத்திரி உறங்கவில்லை, மெசேஜ் சத்தம் கேட்டதும் முகம் வெளிறுகிறது, வீட்டில் காசு குறைகிறது, புது சிம் கிடைத்தது என்றால் கேளுங்கள். உங்களிடம் சொல்லத் தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் காட்ட ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் காலையிலேயே கூட்டிப் போங்கள்.