ஜீப்பில் முதலில் எதை மாற்றுவது: ரயரா, ஸ்பிரிங்கா, கியரா?

மாரியில் ஒட்டுசுட்டான் பக்கம் வயலுக்குப் போக, 29 அங்குல ரயர் உள்ள ஜீப்புக்கு 32 போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். ஆனால் முதலில் ரயர் அளவை முடிவெடுங்கள், மற்றதெல்லாம் அதன் பின்னால்தான். இரண்டு பக்கச் சில்லையும் ஒரே தண்டு இணைக்கும் முழு அக்சில் ஜீப்பில் ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் மேலுடல்தான் எழும்பும், அக்சில் எழும்பாது. வன்னிச் சேற்றில் இடிபடும் டிபரன்சியலை, அதாவது அக்சிலின் நடுவே தொங்கும் கியர்க்கூட்டை, உயர்த்துவது ரயர் மட்டுமே, அதுவும் ஒன்றரை அங்குலம். ஆகவே ரயர் உரசாத அளவுக்கு உயர்த்தினால் போதும். கூட உயர்த்தினால் குளக்கட்டுச் சரிவில் வண்டி பிரளப் பார்க்கும், அது எனக்குப் பயம்.

பலர் மறப்பது டிபரன்சியலுக்குள் இருக்கும் கியரை. 32 போட்டால் இழுவை கிட்டத்தட்ட 10 வீதம் குறையும். ஸ்பீடோமீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 66இல் ஓடுவீர்கள். டிபரன்சியல் விகிதம் (சில்லு ஒருமுறை சுற்ற எஞ்சின் பக்கத் தண்டு எத்தனை முறை சுற்றும் என்ற கணக்கு) 4.10 என்றால் கியரை மாற்றி 4.56 ஆக்குங்கள், முன் அக்சிலிலும் பின் அக்சிலிலும் சேர்த்தே. அதற்குக் காசு போதாதென்றால் 30 அங்குல மட் ரயரோடு நில்லுங்கள்.