சிறிய மில்லிங் மெசினுக்குச் சுழல்மேசை: 4 அங்குலமா, 6 அங்குலமா?

கேள்வி: வீட்டுக் கொட்டிலில் ஒரு சிறிய மில்லிங் மெசின் (சுழலும் கட்டரால் உலோகத்தை வெட்டும் இயந்திரம்) வைத்து, நீர்ப்பம்பிகளுக்கான பிளாஞ்சுகளையும் (குழாய்களை இணைக்கும் துளையிட்ட வட்டத் தட்டுகள்) சிறு பற்சில்லுகளையும் பொழுதுபோக்காகச் செய்கிறேன். மெசினின் மேசை 120 மி.மீ. அகலமானது; மேசைக்கும் ஸ்பின்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) முனைக்கும் இடையில் ஆகக்கூடியது 250 மி.மீ. உண்டு. கொழும்பில் பாவித்த 6 அங்குலச் சுழல்மேசை (றோட்டரி டேபிள்; வேலைத்துண்டைக் கோணக் கணக்கில் திருப்பும் வட்ட மேசை) ஒன்றும், இணையத்தில் புதிய 4 அங்குலம் ஒன்றும் ஏறத்தாழ ஒரே விலையில் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்? – கொக்குவில் வாசகர்

பதில்: 4 அங்குலத்தையே வாங்குங்கள். 6 அங்குல மேசையின் உயரம் பெரும்பாலும் 80 மி.மீ. அளவில் இருக்கும், அதன்மேல் அதற்கேற்ற சக் ஒன்றை (வேலைத்துண்டைக் கவ்வும் பிடி) பூட்டினால் மேலும் 70 மி.மீ. போய்விடும். மிஞ்சும் 100 மி.மீ. இடைவெளிக்குள் ட்ரில் சக்கும் ட்ரில் பிட்டும் அடங்கா. 4 அங்குலத்தின் உயரம் இதைவிடச் சற்றுத்தான் குறைவு என்பதால் அதிலும் தாராளமான இடம் கிடைக்காது. வேலைத்துண்டைச் சக்கில்லாமல் நேரே மேசையில் இறுக்கி, பிட்டைக் கொலெட்டில் (குட்டையான பிடிவளையம்) பிடிக்கவேண்டி வரும். ஆனால் 120 மி.மீ. அகல மேசையில் 6 அங்குலத்தின் அடிப்பாகம் முன்னும் பின்னும் வெளியே நீட்டி நிற்கும் என்பதும், சக்குடன் சேர்த்து 15 கிலோவுக்கும் மேற்பட்ட அந்தப் பாரத்தைச் சிறிய மெசின் நாளாந்தம் சுமக்கவேண்டும் என்பதும் சேரும்போது தெரிவு எளிதாகிவிடுகிறது. பெரிய மேசைக்கு ஆசைப்படுபவர்கள் கடையில் அதைத் தூக்கிப் பார்ப்பது குறைவு.

பாவித்ததைத்தான் வாங்குவீர்களாயின், கைப்பிடியை ஒரு பக்கமாகச் சுற்றி நிறுத்திவிட்டு மறுபக்கம் திருப்பி, மேசை அசையத் தொடங்கும்வரை எவ்வளவு வெறுமனே சுற்றுகிறது என்று பாருங்கள். இந்தத் தளர்வு சீராக இருந்தால், உள்ளேயிருக்கும் வேர்மை (பற்சில்லைத் திருப்பும் திருகுத்தண்டை) நெருக்கிச் சரிசெய்யலாம். முழுவட்டம் சுற்றும்போது ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தளர்ந்தால் பற்சில்லு ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. அதை எந்தச் சரிசெய்தலாலும் மீட்க முடியாது.

கேள்வி: துளைத்தட்டுகள் (கைப்பிடியைச் சரியான இடத்தில் நிறுத்த உதவும், துளைவட்டங்கள் கொண்ட தட்டுகள்) இல்லாத மேசை மலிவாக இருக்கிறது. போதுமா?

பதில்: பிளாஞ்சுக்குப் போதும். 90:1 விகித மேசையில் (கைப்பிடி 90 முறை சுற்ற மேசை ஒரு முறை சுற்றும்) கைப்பிடியின் ஒரு சுற்று 4 பாகை; ஆகவே ஆறு துளைகளுக்கு ஒவ்வொரு முறையும் 15 சுற்றுகள். 72:1 எனில் ஒரு சுற்று 5 பாகை, அப்போது 12 சுற்றுகள். பற்சில்லுக்கு வரும்போதுதான் சிக்கல். ஏழாகப் பிரிக்க 51.43 பாகை என்று பாகைக் கோட்டைப் பார்த்து நிறுத்துவது ஊகம்தான். 21 துளை வட்டம் உள்ள தட்டு இருந்தால், 90:1 மேசையில் 12 முழுச்சுற்றும் 18 துளையும் என்று பிசகின்றி நிறுத்தலாம். பற்சில்லு செய்கிறவர் தட்டுகளோடு வாங்குவதே நல்லது.

கேள்வி: மேசையை மெசினில் பூட்டி நடுவம் பிடிக்கும் ஒழுங்கு என்ன? துளைகள் ஒரு பக்கமாக விலகுகின்றன.

பதில்: இரண்டு நடுவங்களை ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் பெரும்பாலும் துளைகள் இப்படி விலகுகின்றன. முதலாவது, சுழல்மேசையின் நடுவம் ஸ்பின்டிலுக்கு நேர் கீழே வருவது. இதற்கு டயல் கேஜை (நுண்ணிய அசைவைக் காட்டும் அளவுகருவியை) ஸ்பின்டிலில் பிடித்து, மின்சாரத்தை நிறுத்தி, அதன் முனையை மேசையின் நடுத்துளைச் சுவரில் தொடவைத்து, ஸ்பின்டிலைக் கையால் சுற்றவேண்டும். இடப்பக்க அளவுக்கும் வலப்பக்க அளவுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியளவு மெசின் மேசையை நகர்த்துங்கள், முன்பின்னாகவும் அவ்வாறே. நகர்த்தும்போது எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நில்லுங்கள், இல்லையெனில் திருகாணியின் தளர்வு கணக்கில் புகுந்துவிடும். அளவுகள் ஒத்தபின் இரு கைச்சக்கர டயல்களையும் பூச்சியத்தில் வைத்து, மெசின் மேசையின் பூட்டுகளை இறுக்குங்கள்.

இரண்டாவது, வேலைத்துண்டின் நடுவம் சுழல்மேசையின் நடுவத்தோடு பொருந்துவது. இப்போது ஸ்பின்டில் அசையாது நிற்க, சுழல்மேசையைச் சுற்றி, துண்டின் விளிம்பில் டயல் கேஜ் ஆடாத வரை துண்டை மெல்லத் தட்டி நகர்த்தவேண்டும். பலர் இந்த இரண்டாவதை மட்டும் செய்து, டயல் அசையவில்லை என்பதால் எல்லாம் சரியென்று நம்பிவிடுகிறார்கள். ஸ்பின்டில் எங்கே நிற்கிறது என்பதை அந்தச் சோதனை சொல்வதே இல்லை. பிறகு 60 மி.மீ. விட்டமுள்ள துளைவட்டத்துக்கு ஓர் அச்சில் மட்டும் 30 மி.மீ. நகர்த்திப் பூட்டி, ஒவ்வொரு துளைக்கும் சுழல்மேசையையும் பூட்டித் துளையிடுங்கள். துண்டின் அடியில் ஒரு அலுமினியத் தகட்டை வைத்தால் மேசையில் துளை விழாது.

வளைவாக வெட்டும்போது, மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் வழக்கமான கட்டருக்கு, துண்டின் வெளிவிளிம்பை வெட்ட மேசையையும் வலஞ்சுழியாகவே சுற்றவேண்டும், உள்விளிம்புக்கு இடஞ்சுழி. மாற்றிச் சுற்றினால் கட்டர் துண்டை இழுத்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி: குறைபாடு இருந்தால் முறையிட இடமுண்டா?

பதில்: உள்நாட்டு வர்த்தகரிடம் வாங்கினால் உண்டு. விகிதம், தட்டுகளின் எண்ணிக்கை, உத்தரவாதக் காலம் ஆகியவற்றைப் பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள். உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் குறித்து, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் அது போய்ச் சேரவேண்டும். விசாரிக்க 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். வெளிநாட்டிலிருந்து நேரே தருவிக்கும் பொருளுக்கு இந்த வழி உதவாது. இரும்புப் பாரத்தைத் திருப்பி அனுப்பும் செலவு பல சமயங்களில் பொருளின் விலையையே நெருங்கிவிடும்.