தாழ்தளப் பேருந்து: வடசென்னை வாசகர் கேள்விகளும் பதில்களும்

முப்பது ஆண்டுகள் பேருந்துப் பாடி கட்டும் பட்டறைகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

வியாசர்பாடி வாசகர்: 2025 ஜூன் 30 அன்று எங்கள் பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகளை விட்டார்கள். பழைய சேஸிஸையே (அடிச்சட்டத்தையே) இறக்கிக் கட்டினால் இதே உயரம் வராதா?

வராது. பழைய முறையில், லாரிக்கு உள்ளதைப் போன்ற ஏணிச் சட்டத்தின்மேல் பாடியைக் கட்டுவதால் தளம் இடுப்புயரத்துக்குப் போய்விடும். தாழ்தளப் பேருந்தில் சக்கரத்தின் மையமே தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டரில் இருக்க, தளமோ அதற்கும் கீழே, தரையிலிருந்து 400 மில்லிமீட்டரில் அமைய வேண்டும். சாதாரணப் பின் ஆக்சிலின் (சக்கர அச்சின்) நடுவே புடைத்து நிற்கும் டிஃபரென்ஷியல், அதாவது இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி, அந்த வழியை மறித்துவிடும். போர்ட்டல் ஆக்சிலில் டிஃபரென்ஷியலை ஒரு பக்கமாக ஒதுக்கி, அச்சைச் சக்கர மையத்துக்குக் கீழே இறக்கி, சக்கரத்தருகே உள்ள பல்சக்கரங்களால் சுழற்சியை மீண்டும் மேலே ஏற்றுகிறார்கள். அதனால்தான் நடைவழி தடையின்றிப் பின்வரை செல்கிறது.

புளியந்தோப்பு வாசகர்: கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநீர் நின்றால் உள்ளே புகாதா?

முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை நீர் நின்றாலே தளத்தைத் தொட்டுவிடும். ஆழம் தெரியாத நீரில் எந்தப் பேருந்தையும் இறக்கக் கூடாது.

எண்ணூர் வாசகர் (நானும் பாடி கட்டியவன்): முன்பாதியை மட்டும் தாழ்த்தி, பின்னால் சாதாரண ஆக்சில் போட்டால் செலவு குறையுமே. முழுத் தாழ்தளம் எதற்கு?

செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் பின்பாதியில் படி வைத்தால், நெரிசலில் யாரும் பின்னே நகராமல் முன்கதவருகிலேயே அடைத்து நிற்பார்கள். தாழ்வான இடம் யாருக்காக அமைக்கப்பட்டதோ அவர்களுக்கே கிடைக்காது. திருவொற்றியூர் தேரடியில் என் அம்மா இரு கைகளாலும் கம்பியைப் பற்றி, ஒரு முழங்காலைப் படியில் ஊன்றித்தான் பேருந்து ஏறுவார். உள்ளே போன பிறகும் அவர் ஏன் இன்னொரு முறை ஏற வேண்டும்?

தண்டையார்பேட்டை வாசகர்: சக்கர நாற்காலியில் இருக்கிறேன். சாய்வுப் பலகை செங்குத்தாக இருக்கிறதே?

பேருந்தைத் தாங்கும் காற்றுப் பைகளில் காற்றை இறக்கி, 400 மில்லிமீட்டர் தளம் கதவுப் பக்கம் 60 மில்லிமீட்டர் தாழ்ந்ததாகக் கொள்வோம். 150 மில்லிமீட்டர் உயர நடைமேடையை ஒட்டி நின்றால் ஏற வேண்டியது 190. நடுரோட்டில் நின்றால் 340. ஒரு மீட்டர்ப் பலகையில் அந்த வேறுபாடு உங்கள் கைகளுக்குத் தெரியும். ஓட்டுநர்களே, ஓரத்தை ஒட்டி நிறுத்துங்கள்.

கொருக்குப்பேட்டை வாசகர்: வெள்ளத்தில்...

மேலே புளியந்தோப்புக்குச் சொன்னதே பதில்.

மணலி வாசகர்: எங்கள் பக்கம் இந்தப் பேருந்து வருமா?

வழித்தடத்தை மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் கேளுங்கள்.

எண்ணூர் வாசகர்: போர்ட்டல் ஆக்சிலின் பராமரிப்பை மறைத்துவிட்டீர்கள்.

மறைக்கவில்லை. பல்சக்கரங்கள் கூடுதல், எண்ணெயும் சீல்களும் கூடுதலாகப் பார்க்க வேண்டும். அந்த வேலையைப் பணிமனை ஏற்கலாம். படியேறும் வேலையைப் பயணியிடம் தள்ளக் கூடாது. மீண்டும் சொல்கிறேன், இந்தக் கூடுதல் பராமரிப்பைவிடப் பெரிய இழப்பு, ஓரத்தை விட்டு நாலடி தள்ளி நிறுத்தும்போதுதான் நேர்கிறது.